யாரோ இறுக்குகிற நட்டு

பிப்ரவரி 25, செவ்வாய்

என் பெயர் அங்கப்பன். இதை எழுதியவனும் நானே. திரும்ப வாசித்துப் பார்த்தேன். அங்கப்பன் என்றே இருக்கிறது.

எழுபத்தோரு வயதில் எழுத்து வந்தது. லூமுட் கோயில் மண்டபத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலையில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பதினான்கு மாதமாகப் போகிறேன். இன்று பவளக்கொடி டீச்சர் சொன்னார்: "இனிமே தினம் ரெண்டு வரியாச்சும் எழுதுங்க ஐயா. இல்லாட்டி கை மறந்துரும்." டாக்டர் எப்போதோ கொடுத்த டைரி உறை பிரிக்காமல் கிடந்தது. அதில் எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது ஒரு பாய்மரப் படகில். நீலமணி என்று பெயர். ஈப்போவிலிருக்கும் ஜோதிலிங்கம் டாக்டருடையது. லூமுட் மரினாவில், உல்லாசப் படகுகள் நிற்கும் துறையில், கட்டிக் கிடக்கிறது. நான்கு வருஷமாக எங்கும் போகவில்லை. ஒன்பது வருஷமாக நான் காவல். முன்பக்கம் என் படுக்கை, நடுவில் அடுப்பும் மேசையும், பின்பக்கம் எஞ்சின். ரப்பர் தோட்டத்தில் இருந்த வீட்டை விடச் சிறியது. ஆனால் இந்த வீடு தாலாட்டும்.

இவ்வளவு எழுத ஒன்றரை மணி நேரம். விரல் வலிக்கிறது. நல்ல வலி.

பிப்ரவரி 26, புதன்

காலையில் மேல்தளத்தைக் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவினேன். உப்பைத் துடைக்காவிட்டால் இரண்டே நாளில் எஃகிலும் பழுப்புக் கறை ஏறிவிடும். பாய்மேல் போர்த்திய துணியில் மைனா எச்சம். கயிறுகள் நான்கையும் பார்த்தேன். பிறகு படகுத்துறைப் பலகையில் நடந்து பொதுக் குளியலறைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தேன்.

டாக்டர் போன் செய்தார். யாழ்ப்பாணப் பேச்சு இன்னும் மாறவில்லை.

"அங்கப்பன், இனி நான் கடலுக்கு வரமாட்டன். கால் விட்டுப் போச்சு. பெர்த்திலை இருக்கிற மகன் படகை விக்கச் சொல்லுறான். ஆக்கள் பாக்க வருவினம். நீர் ஒண்டுக்கும் யோசியாதேயும்."

யோசிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. வாங்குகிறவன் புதுத் துடைப்பம் வாங்குவான், புதுக் கயிறு வாங்குவான். பழைய கிழவனை வைத்துக்கொள்ள மாட்டான். தோட்டத்தை மூடியபோது வீட்டைக் கொடுத்தாயிற்று. பெண்டாட்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு இந்தப் படகுதான் வீடு.

பிப்ரவரி 27, வியாழன்

பக்கத்துப் படகுக்காரர் திங் தவுக்கே. சீன முதலாளி என்பதால் தவுக்கே என்று கூப்பிடுவேன். என் வயதுதான் இருக்கும். சிறிய படகு, பெரிய ரேடியோ. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். இன்று வந்து, "படகு விற்கப் போகிறார்களாமே, என்ன விலை?" என்று கேட்டார்.

இவருக்கு எப்படித் தெரிந்தது? நான் யாரிடமும் சொல்லவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

நாளை முதல் ஆள் பார்க்க வருகிறான்.

எஞ்சினைப் பற்றி எழுதி வைக்கிறேன். அதிலிருந்து ஓர் இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு கடலுக்குள் போகிறது. துளையில் தண்ணீர் ஏறாமலிருக்க, தண்டைச் சுற்றி மெழுகுக் கயிறு திணித்து, மேலே பித்தளை நட்டுப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ரொம்ப இறுக்கினால் தண்டு சூடாகும். ரொம்பத் தளர்த்தினால் தண்ணீர் வரும். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு சரி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அந்தச் சொட்டு அடியில் சேர்ந்தால் பம்பு தானாக ஓடி வெளியே துப்பிவிடும்.

இன்று சாயங்காலம் நட்டைப் பார்த்தேன். பார்த்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் 1, சனி

இரண்டு பேர் வந்தார்கள். தரைப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்தார்கள். அடியில் தண்ணீர் பளபளத்தது, பம்பு துப்பிக்கொண்டே இருந்தது. ஒருவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"எப்போதும் இப்படியா?"

"பழைய படகு துவான். வயதானால் எல்லாருக்கும் ஒழுகும்."

போய்விட்டார்கள். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு வைத்து நிறையச் சாப்பிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.

வகுப்புக்குப் போய்விட்டு பன்னிரண்டு மணிக்குத் திரும்பினேன். எதுவும் களவு போகவில்லை. அரிசி டின், கைப்பெட்டி, டாக்டரின் தொலைநோக்கி எல்லாம் இருந்தன. ஆனால் பென்சில் புத்தகத்தின் இடப்பக்கம் இருந்தது. நான் வலப்பக்கம் வைப்பவன். சந்தேகப்பட்டு எஞ்சின் அறையைத் திறந்தேன். அடியில் தண்ணீர் இல்லை. கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு.

நான் விட்டுப்போனது இருபது.

திருடுகிற கள்ளனைப் பார்த்திருக்கிறேன். இறுக்குகிற கள்ளனை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். இதை யாரிடம் போய்ப் புகார் சொல்ல? "என் நட்டை எவனோ இறுக்கிவிட்டான்" என்றால், "அது ஏன் தளர்ந்திருந்தது?" என்று கேட்பார்கள்.

மார்ச் 5, புதன்

திங் தவுக்கேயைக் கவனித்தேன். தூண்டிலை வைத்துக்கொண்டு என் படகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மீன் அந்தப் பக்கம் இல்லை. மலாயில் மெதுவாகக் கேட்டேன்.

"நேற்று என் படகுப் பக்கம் யாராவது வந்தார்களா?"

"நான் பார்க்கவில்லையே. ஏன், ஏதாவது காணோமா?"

"காணாமல் போகவில்லை."

"அப்புறம் என்ன?"

கயிற்றைச் சரிபார்ப்பதுபோல் குனிந்தேன். அவர் சிரித்தார். சீக்கிரம் சிரித்துவிட்டார். கேள்வி வரும் என்று தெரிந்தவன்தான் அப்படிச் சிரிப்பான். இவர் படகை அடிமாட்டு விலைக்கு வாங்கப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன். சொட்டாத படகை வாங்கத்தானே யாருக்கும் ஆசை.

மார்ச் 7, வெள்ளி

தலையில் மிச்சம் இருப்பதில் ஒரு முடியைப் பிடுங்கினேன். பெரிய நஷ்டம்தான். எச்சில் தொட்டுக் கதவுப் பலகையின் குறுக்கே ஒட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது முடி அறுந்திருந்தது. நட்டு இறுகியிருந்தது.

நான் தொடாத நட்டு மறுபடி ஏன் தளர்ந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

மார்ச் 8, சனி

மழை. கழிவறைக் கைப்பம்பு இழுக்கும்போது பன்றி மாதிரி கத்துகிறது. எண்ணெய் தீர்ந்துபோயிற்று. ஊறுகாய்ப் பாட்டில் மூடியும் திறக்க வரவில்லை. கை தளர்ந்து வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

முழுப் பக்கத்தையும் தப்பில்லாமல் நிரப்பிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயலில் நாற்று நட்டதுபோல வரிசையாக நின்றது. பிறகு அந்தப் பக்கத்தில் காபி கொட்டிவிட்டது. கிழித்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

கைப்பம்பு கத்தவில்லை.

வகுப்புக்குப் போகுமுன் கத்தியது. வந்தபின் கத்தவில்லை. தொட்டு மோந்தேன். புது எண்ணெய். ஊறுகாய் பாட்டில் மேசைமேல் இருக்கிறது. மூடி திறந்து, பேருக்கு மூடியிருக்கிறது.

எண்ணெய் தீர்ந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊறுகாய் சங்கதியையும் சொல்லவில்லை. இந்தப் புத்தகத்தில் மட்டும்தான் எழுதினேன். அப்படியானால் என் புத்தகத்தை எவனோ வாசிக்கிறான்.

யார்? காவல்காரன் நேப்பாளி. ஆபீஸ் பெண் மலாய்க்காரி. கடைசிப் படகில் இருப்பவர்கள் ஜெர்மானியக் கணவன் மனைவி. பக்கத்தில் திங் தவுக்கே, அவர் சீனர். இந்தப் படகுத்துறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தத் தைரியத்தில்தான் புத்தகத்தை மேசைமேல் விரித்துப் போட்டுவிட்டுப் போனேன்.

முதலில் பயம் என்று நினைத்தேன். பயம் பாதிதான். நான் எழுதியதை ஒருவன் வாசித்திருக்கிறான். வாசித்து, புரிந்து, எண்ணெய் போட்டிருக்கிறான்.

இனி கதவில் மட்டுமல்ல, பக்கத்தின் குறுக்கேயும் ஒரு முடி வைக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

புத்தகத்தை ஒளித்து வைக்கலாம். அரிசி டின்னுக்குள் போகும், அளந்து பார்த்தேன். ஆனால் ஒளிக்கவில்லை.

அவனைப் பிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

எனக்குக் கொம்பியா சாப்பிட ஆசையாக இருக்கிறது. பக்கத்து ஊர் சித்தியவானில் சுடுகிற, எள் தூவிய சீன ரொட்டி. சூடாக இருக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

வகுப்பிலிருந்து வந்தேன். படகின் கம்பியில் ஒரு காகிதப் பை தொங்குகிறது. உள்ளே ஐந்து கொம்பியா. இளஞ்சூடு.

முதல் இரண்டைத் தின்றுவிட்டேன். மூன்றாவதைக் கையில் எடுத்தபிறகுதான் விஷமாக இருந்தால் என்ன செய்வது என்று தோன்றிற்று. அதைப் பிய்த்து மீனுக்குப் போட்டேன். மீன்கள் அடித்துக்கொண்டு தின்றன, ஒன்றும் சாகவில்லை. மீதி இரண்டையும் நானே தின்றேன். மீனுக்குப் போட்டதை நினைத்தால் வருத்தம்.

கொம்பியா சீன ரொட்டி. ஆனால் சித்தியவானில் எல்லாரும்தான் வாங்குகிறார்கள். இதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நாளை அடுத்த ஆள் வருகிறான். நட்டைப் பார்த்தேன். இந்தத் தடவை நன்றாகவே பார்த்தேன்.

மார்ச் 15, சனி

வந்தவன் படியிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். பம்பு நிற்காமல் ஓடுகிறது. கை வைத்தால் சுடுகிறது.

திங் தவுக்கே படகு பூட்டிக் கிடக்கிறது. நேற்று மத்தியானம் பையோடு பஸ் ஏறிப் போனதாகக் காவல்காரன் சொன்னான்.

மார்ச் 16, ஞாயிறு

டாக்டரின் மகன் கஜேந்திரன் பெர்த்திலிருந்து கூப்பிட்டான்.

"அங்கிள், உங்களத் திட்டல. ஆனா ரெண்டு பேரும் ஒரே ரிப்போர்ட் கொடுக்கிறாங்க. ஒழுகுது, ஒழுகுதுன்னு. அடுத்த சனிக்கிழமை தைப்பிங்லருந்து ஒரு அம்மா வர்றாங்க. அதுதான் கடைசி. அவங்களும் வேணாம்னா நான் படகை அறுத்து அடியில இருக்கிற ஈயத்துக்குப் போட்டுருவேன். அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

விற்றால் நான் வெளியே என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். விற்காவிட்டால் படகையே அறுப்பார்கள் என்று ஏன் தோன்றவில்லை? தோட்டத்தில் பால் வற்றிய மரத்தை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 17, திங்கள்

நட்டை இறுக்கினேன். நிற்கவில்லை. இன்னும் இறுக்கினேன். நிற்கவில்லை. சொட்டாக வந்தது இப்போது நூலாக வருகிறது. திரும்பத் திரும்பத் தளர்த்தி இறுக்கியதில் உள்ளே இருக்கும் கயிறு நைந்துபோயிற்று போல.

மார்ச் 18, செவ்வாய்

இதை வாசிக்கிறவருக்கு எழுதுகிறேன். நீர் யார் என்று தெரியாது.

நட்டைத் தளர்த்தியது நான்தான். மூன்று தடவை. வாங்க வருகிறவர்கள் ஓடிப்போக வேண்டும் என்று செய்தேன். இந்தப் படகை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. ஒன்பது வருஷம் ஒரு வேலையும் தப்பாகச் செய்யாதவன் இதைச் செய்தேன். எட்டு வயதிலிருந்து ரப்பர் பால்வாளி தூக்கினேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பெருவிரல் வைத்தேன். பெருவிரல் வைத்து எதையும் ஒப்புக்கொள்ள முடியாது. இப்போது எழுத்து வந்ததும் எழுதி ஒப்புக்கொள்கிறேன்.

கயிறு நைந்துவிட்டது. எனக்குச் சரிசெய்யத் தெரியவில்லை. உமக்குத் தெரியும் போலிருக்கிறது. வந்து இறுக்கும். நான் பிடிக்க மாட்டேன். முடியும் வைக்க மாட்டேன்.

அதே நாள், மத்தியானம்

வேண்டுமென்றே ஒரு மணி வரை கோயிலில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். பென்சில் வலப்பக்கமே இருக்கிறது. தண்ணீர் நூலாகவே வருகிறது. யாரும் வரவில்லை.

இரண்டு வாரம் அவன் வருகிறான் என்று பயந்தேன். இன்று வரவில்லை என்று பயம்.

மார்ச் 19, புதன்

பம்பு எரிந்துபோயிற்று. வாளியால் இறைக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

இறைக்கிறேன்.

மார்ச் 21, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்று முழுவதும் ஆனாலும் சரி.

வகுப்புக்குப் போகவில்லை. காலை வரை இறைத்துவிட்டு முன்பக்கப் படுக்கையில் சாய்ந்தேன். கண்ணை மூடியிருப்பேன். மேல்தளத்தில் காலடி கேட்டது. கதவுப் பலகை நகர்ந்தது. நான் அசையாமல் கிடந்தேன். என் படுக்கைக்கும் நடு அறைக்கும் இடையில் ஒரு துணித் திரைதான் இருக்கிறது, அதில் ஒரு கிழிசல் உண்டு.

திங் தவுக்கே இறங்கி வந்தார். கையில் ஸ்பானர். நேரே எஞ்சினுக்குப் போகவில்லை. மேசையில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். என் புத்தகத்தை இழுத்து வைத்து, எழுத்துக்கு அடியில் விரல் வைத்து, உதட்டை அசைத்து வாசிக்க ஆரம்பித்தார். நான் எப்படி வாசிப்பேனோ அப்படியே. ஓர் இடத்தில் சிரித்தார். கொம்பியா பக்கமாக இருக்க வேண்டும். பக்கம் திருப்பினார். விரல் நின்றது. பிறகு வேகமாக ஓடிற்று.

"அட பாவி மனுசா" என்றார்.

தமிழில் சொன்னார். தோட்டத்துத் தமிழ். எழுந்து தரைப் பலகையைத் தூக்கினார்.

நான் திரையை விலக்கினேன். அவர் திடுக்கிடவில்லை. கோபமாக என்னைப் பார்த்தார்.

"ஏன்டா அங்கப்பா, படகை முழுகடிச்சிட்டு எங்கடா படுப்ப?"

ஒன்பது வருஷம் இவரோடு மலாயில் பேசியிருக்கிறேன்.

"தமிழ் தெரியுமா தவுக்கே?"

"எங்கப்பா தோட்டத்துக் கடை வச்சிருந்தாரு. சீனப் பள்ளிக்கூடம் பதினேழு மைல். தமிழ்ப் பள்ளிக்கூடம் கடைக்குப் பின்னாடி. ஆறு வருசம் படிச்சேன். வாத்தியார் எனக்கு வச்ச பேரு செங்கோடன்."

"நான் அந்த வயசுல பால்வாளி தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"வாசிச்சேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ புத்தகத்த ஒளிச்சிருவ. அம்பது வருசமா தமிழ்ல ஒரு வரி வாசிக்கல நான். உன் பம்பு நாள் பூரா துப்புதேன்னு பாக்க வந்தேன். புத்தகம் விரிச்சுக் கெடந்துச்சு. முதல் வரியில உன் பேரு. எழுத்துக் கூட்டிப் பாத்தேன், வந்துருச்சு. அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?"

"படகை வாங்கப் பாக்குறீங்கன்னுல்ல நெனச்சேன்."

"அதையும் வாசிச்சேன். அடிமாட்டு விலைன்னு எழுதியிருக்க. டாக்டர் போன்ல பேசினது என் படகு வரைக்கும் கேட்டுச்சு, அதான் விலை கேட்டேன்." ஸ்பானரால் என்னைக் காட்டினார். "பேரன் பொறந்த நாளுன்னு மவ வீட்டுக்குப் போனா, ஒரு வாரத்துல கப்பலைக் கவுத்திட்ட."

அவர் படகிலிருந்து மெழுகுக் கயிறும் ஒரு பம்பும் எடுத்து வந்தார். நட்டைக் கழற்றியதும் கடல் உள்ளே பீய்ச்சியது. நான் பழந்துணியைச் சுற்றி இரண்டு கையாலும் தண்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் பழைய கயிற்றைக் கொக்கியால் தோண்டி எடுத்தார். நைந்து சேமியா மாதிரி வந்தது. புதுக் கயிற்றை மூன்று சுற்றுத் திணித்தார். இரண்டு கிழவர்களும் மார்பு வரை நனைந்து போனோம். நட்டை என்னையே இறுக்கச் சொன்னார். பிறகு கடிகாரத்தை வைத்து இருவரும் எண்ணினோம்.

நிமிஷத்துக்கு ஒரு சொட்டு.

"இனிமே இதத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்றான்.

'என்றார்' என்று எழுதப் போனேன். 'என்றான்' என்றே இருக்கட்டும். வாசிக்கட்டும்.

மார்ச் 22, சனி

தைப்பிங் அம்மா வந்தார், புவான் சல்பியா. அங்கே தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அகலமான தொப்பி, ஆண்பிள்ளை நடை. திங்கும் கூட இருந்தான், நான்தான் கூப்பிட்டேன். பலகையைத் தூக்கினார். அடி காய்ந்திருந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகத்தைச் சுளித்தார்.

"முன்பு வந்தவர்கள் தண்ணீர் இருந்தது என்றார்களே. எனக்காக இறைத்து வைத்தீர்களா?"

அவர் மேசையைப் பார்த்தார்.

"இது என்ன? படகின் குறிப்புப் புத்தகமா? தினமும் எழுதுகிறீர்களா? நல்லது. என்ன எழுதியிருக்கிறது?"

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். திங்குக்கும் தெரியும்.

"எனக்கு இந்த எழுத்து தெரியும்" என்று திங் மலாயில் சொன்னான். கண்ணாடியை மாட்டினான். புத்தகத்தைக் கையில் எடுத்தான்.

அவன் என்ன வாசிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை. படகு அவனுக்கே வேண்டுமாக இருந்தால், இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஒரு பக்கம் வாசித்தால் போதும். புவான் போய்விடுவார், படகு ஈய விலைக்கு வரும், அதை யாரும் வாங்கலாம். நேற்று என்னோடு நனைந்தவன்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

விரல் வைத்து மலாயில் சொன்னான். "பிப்ரவரி இருபத்தெட்டு. தண்டில் நிமிஷத்துக்கு ஒரு சொட்டு இருக்க வேண்டும். மார்ச் நான்கு. இருபது சொட்டு இருந்தது, இப்போது ஒன்று. பதினேழு. கயிறு நைந்துவிட்டது. பத்தொன்பது. பம்பு எரிந்தது, வாளியால் இறைக்கிறேன். இருபது. இறைக்கிறேன். இருபத்தொன்று. கயிறும் பம்பும் புதிது."

மூடி வைத்தான்.

பொய் ஒன்றுகூட இல்லை. எல்லாம் நான் எழுதியதுதான். யார் செய்தது என்பதை மட்டும் வாசிக்காமல் விட்டான். நான் எழுதியதை முதல்முறையாக ஒருவன் சத்தமாக வாசித்தான். அதில் பாதிக்கு மேல் விட்டுவிட்டான் என்று வருத்தப்படக்கூட எனக்கு வழியில்லை.

புவான் மூலையில் இருந்த வாளியைப் பார்த்தார். பிறகு, "மூன்று நாள் வாளியால் இறைத்தீர்களா? ஏன் யாரையும் கூப்பிடவில்லை?" என்றார்.

"வீடு புவான்" என்றேன்.

எஞ்சினைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். மாதம் ஒருமுறைதான் வர முடியும் என்றார். சொட்டு எண்ணுகிற ஆள் படகோடு சேர்த்தியா என்று கஜேந்திரனிடம் போனில் கேட்டார். அவன் என்ன சொன்னானோ, சிரித்தார். படகை வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, என்னை முன்பக்க அறையிலேயே இருக்கச் சொன்னார். ஒரே நிபந்தனை, நான் தினமும் எழுத வேண்டும், அவர் வரும்போது திங் வாசித்துக் காட்ட வேண்டும்.

அவர் போனபின் திங் ஒரு கொம்பியாவைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "இனிமே என்னப் பத்தி நல்லா எழுது. வாசிக்கிறவன் நான்."

ஏப்ரல் 8, செவ்வாய்

சொட்டு, நிமிஷத்துக்கு ஒன்று. கயிறுகள் சரி. மைனா எச்சம் துடைத்தேன்.

திங் இப்போது கதவைத் தட்டிவிட்டு வருகிறான், காபி குடிக்கிறான், புத்தகத்தைத் தொடுவதில்லை. "மாசக் கடைசில மொத்தமா வாசிக்கலாம்லா" என்கிறான். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆகவே காலையில் வகுப்புக்குப் புறப்படும்போது தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி இந்தப் பக்கத்தின் குறுக்கே வைத்துவிட்டுப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு வந்து பார்த்தேன். முடி கீழே கிடந்தது. பென்சில் இடப்பக்கம்.

மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேருக்கு வைத்தேன்.